கோக்சான்: சியோலுக்காகச் செய்த பீரங்கி

2024 நவம்பரில், சைபீரியாவின் க்ராஸ்னோயார்ஸ்க் நகரில் நின்ற ஒரு சரக்கு ரயிலின் படங்கள் இணையத்தில் பரவின. திறந்த ரயில் பெட்டிகளில் சங்கிலிச் சக்கரம் பூட்டிய பீரங்கிகள் இருந்தன. வண்டியின் உடலைத் தாண்டி நீளும் குழல், கோபுரம் இல்லாத திறந்த மேற்புறம். அது ரஷ்யப் படையின் பீரங்கி அல்ல. ஆயுதங்களை அடையாளம் காண்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அது வட கொரியாவின் 170 மில்லிமீட்டர் கோக்சான்.

இந்தப் பீரங்கியை மேற்கத்திய ஆய்வாளர்கள் முதலில் கண்டது 1978இல், வட கொரியாவின் கோக்சான் என்ற ஊரில். ஊரின் பெயரையே அதற்கு வைத்து, எம்-1978 என்று எண்ணும் கொடுத்தார்கள். பழைய சோவியத் டி-54 வகை டாங்கின் அடிப்பாகத்தை எடுத்து, கோபுரத்தைக் கழற்றிவிட்டு, அதன்மேல் நெடுங்குழலை ஏற்றியதுதான் இதன் அமைப்பு. செய்த நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. தென் கொரியத் தலைநகர் சியோல் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தத் தலைநகர் வட்டாரத்தில் வாழ்கிறார்கள். எல்லையோர மலைகளைக் குடைந்து, அங்கே கோக்சான்களை ஒளித்துவைத்தால், விமானப்படையோ ஏவுகணையோ இல்லாமலே ஒரு பெருநகரத்தை மிரட்டலாம். பல பத்தாண்டுகளாக வட கொரியா செய்தது அதைத்தான்.

குண்டு எவ்வளவு தொலைவு போகும் என்பதைப் பெரும்பாலும் அது குழலை விட்டு வெளியேறும் வேகமே தீர்மானிக்கிறது. குண்டுக்குப் பின்னால் உந்துமருந்து எரிகிறது. அந்த வாயு விரிந்து குண்டைத் தள்ளுகிறது. குழல் நீளமாக இருந்தால் தள்ளலும் நீடிக்கும், மருந்தையும் கூட்டிப் போடலாம். சாதாரணக் குண்டைக் கோக்சான் சுமார் 40 கிலோமீட்டர் வரை எறியும். ராக்கெட் உதவிக் குண்டு என்று இன்னொரு வகை உண்டு. அதன் அடிப்பகுதியில் சிறு ராக்கெட் இருக்கும். குழலை விட்டுப் பறந்த பிறகு அது பற்றிக்கொண்டு, காற்றின் தடையால் குறையும் வேகத்தை ஈடுகட்டும். அந்தக் குண்டு 60 கிலோமீட்டரை எட்டும் என்பது மதிப்பீடு. ரஷ்யாவின் வழக்கமான 152 மில்லிமீட்டர் பீரங்கிகள் சாதாரணக் குண்டுடன் 30 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. அவர்களிடம் உள்ள மிகப் பெரிய 203 மில்லிமீட்டர் மால்கா பீரங்கிகூட ராக்கெட் உதவியுடன் 50 கிலோமீட்டருக்கு உள்ளேயே நின்றுவிடும்.

இந்தத் தொலைவுக்கு விலை உண்டு. குழலின் உள்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன. குண்டைச் சுழலச் செய்து நேராகப் பறக்கவைப்பவை அவைதாம். ஒவ்வொரு முறை சுடும்போதும் கொதிக்கும் வாயு அந்தப் பள்ளங்களை அரித்துக்கொண்டே போகிறது. மருந்து கூடினால் அரிப்பும் கூடும். தேய்ந்த குழலில் வாயு கசியும், குண்டு தள்ளாடும், குறியிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் விலகி விழும். அப்போது குழலையே மாற்ற வேண்டும். அவ்வளவு நீளமான எஃகை வார்த்து, அடித்து, துளையிட்டுத் தரும் ஆலைகள் எந்த நாட்டிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. நீண்ட போரில் குண்டுத் தட்டுப்பாட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். குழல் தட்டுப்பாடு அதே அளவு கொடியது, செய்தியில் மட்டும் வருவதில்லை.

கோக்சானின் வேகமும் குறைவு. குண்டையும் மருந்தையும் தனித்தனியே தூக்கித் திணிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் சுட முடியும். முதல் வகை குண்டுகளைத் தன்னோடு சுமப்பதே இல்லை, பின்னால் லாரி வர வேண்டும். பிறகு வந்த எம்-1989 வகை 12 குண்டுகளைத் தன்மேலேயே கொண்டுபோகும். இரண்டிலும் சுடும் வீரர்கள் வெட்டவெளியில் நின்றே வேலை செய்கிறார்கள். அவர்களைச் சுற்றி ஒரு தகடுகூட இல்லை. மலைக்குகையிலிருந்து வெளியே வந்து, சுட்டுவிட்டு உள்ளே போய்விடும் வேலைக்கு அது போதும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

1980களில் ஈரான் இவற்றை வாங்கி ஈராக்குக்கு எதிராகப் பயன்படுத்தியது. சில ஈராக்கின் கையில் சிக்கின. அதன் பிறகு வெளிநாட்டுப் போர்க்களம் எதிலும் கோக்சான் பெரிதாகத் தென்படவில்லை, உக்ரைன் வரை.

உக்ரைனுக்குப் பீரங்கி வருவதற்கு முன்பே குண்டுகள் வந்துவிட்டன. 2023 செப்டம்பர் 13 அன்று ரஷ்யாவின் வஸ்தோச்னி விண்வெளி ஏவுதளத்தில் புதினும் கிம் ஜொங் உன்னும் சந்தித்தார்கள். அந்த இலையுதிர்காலத்திலேயே வட கொரியாவின் ராஜின் துறைமுகத்திலிருந்து ரஷ்யக் கப்பல்கள் கன்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு போவது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. வட கொரியப் படை சோவியத் வழியில் வளர்ந்தது. ஆகவே அதன் கிடங்குகளில் இருந்தவை 122, 152 மில்லிமீட்டர் குண்டுகள். ரஷ்யப் பீரங்கிகளின் உள்விட்டமும் அதுவே. பெட்டியைத் திறந்து அப்படியே திணிக்கலாம். தரத்தைப் பற்றிப் புகார்கள் வந்தன. உந்துமருந்து ஒரே சீராக எரியாவிட்டால் ஒரு குண்டு முன்னே விழும், அடுத்தது தாண்டி விழும். சில வேளை குழலே வெடித்துவிடும். ஆனால் தேவை அவ்வளவு பெரிது என்பதால் ரஷ்யா வாங்கிக்கொண்டே இருந்தது. 11 நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டுத் தடைக் கண்காணிப்புக் குழு 2025 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, 2024இல் மட்டும் 90 லட்சம் வரையிலான பீரங்கிக் குண்டுகளும் ராக்கெட்டுகளும் போயிருக்கலாம் என்று சொன்னது.

அப்படி ஒரு தனிக்குழு எதற்கு என்று கேட்கலாம். வட கொரியா ஆயுதம் விற்கக்கூடாது என்பது ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானம். 2006இலும் 2009இலும் அதற்குக் கைதூக்கிய நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. தடையைக் கண்காணித்த ஐ.நா. வல்லுநர் குழுவை 2024 மார்ச்சில் தன் வீட்டோவால் மூடியதும் அதே ரஷ்யாதான். தான் எழுதிய சட்டத்தை ஒரு வல்லரசு தானே கிழித்துப் போட்டால் சிறிய நாடுகளுக்கு எந்தச் சட்டம் மிஞ்சும் என்ற கவலை என்னை விடுவதில்லை.

குண்டுகளைப் போல எளிதாகக் கைமாறக்கூடியது அல்ல கோக்சான். 170 மில்லிமீட்டர் உள்விட்டம் ரஷ்யாவிடம் இல்லை. அதற்கேற்ற குண்டு, மாற்றுக் குழல், எந்தக் கோணத்தில் எவ்வளவு மருந்து போட்டால் எங்கே விழும் என்று சொல்லும் சுடு அட்டவணை, பழுது பார்க்கத் தெரிந்த கை எல்லாம் வட கொரியாவிலிருந்தே வர வேண்டும். சரக்காகத் தொடங்கிய உறவு இந்த இடத்தில் வேறாகிவிடுகிறது. இந்தப் பீரங்கியை வாங்குகிறவர் அதைச் செய்தவரையும் தம் போருக்குள் சேர்த்துக்கொள்கிறார். 2024 ஜூன் 19 அன்று பியோங்யாங்கில் இரு தலைவர்களும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் படையுதவி தர வேண்டும் என்கிறது. சில மாதங்களில் பீரங்கிகள் ரயிலேறின. 170 மில்லிமீட்டர் பீரங்கிகளும் 240 மில்லிமீட்டர் பல்குழல் ராக்கெட் ஏவிகளுமாக 200க்கும் மேல் போனதாக மேற்சொன்ன குழு கணக்கிட்டது.

படைவீரர்களும் அதே பருவத்தில்தான் போனார்கள். 2024 ஆகஸ்டில் உக்ரைன் எல்லை தாண்டி ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் புகுந்திருந்தது. அக்டோபரில் வட கொரியாவின் சிறப்புப் படையினர் கப்பலில் விளாதிவஸ்தோக் வந்து, தூரக்கிழக்கில் பயிற்சி பெற்று, குர்ஸ்க் நோக்கி அனுப்பப்பட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் சுமார் 11,000 பேர். வட கொரிய விமானிகள் 1960களின் இறுதியில் வியட்நாமில் பறந்ததுண்டு, சிலர் அங்கேயே இறந்தும் போனார்கள். ஆனால் இத்தனை பெரிய தரைப்படையை அந்த நாடு வெளியே அனுப்பியது இதுவே முதல் முறை. பனி மூடிய வயல்களில் அவர்கள் கூட்டமாக, கவச வண்டி இல்லாமல், பகலிலேயே முன்னேறினார்கள். தலைக்கு மேலே ட்ரோன்கள். 2025 ஜனவரியில் இருவர் உயிரோடு பிடிபட்டார்கள். பயிற்சிக்குப் போகிறோம் என்றே நினைத்திருந்ததாக அவர்களில் ஒருவர் சொன்னதாக உக்ரைன் தெரிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர் என்பது தென் கொரிய உளவுத்துறையின் மதிப்பீடு. ரஷ்யாவும் வட கொரியாவும் படை அனுப்பப்பட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2025 ஏப்ரல் இறுதியில்தான். அதுவரை ஆறு மாதமாக அந்த இளைஞர்கள் இறந்துகொண்டிருந்தபோது, அவர்கள் அங்கே இருப்பதையே இரு அரசுகளும் உலகுக்குச் சொல்லவில்லை. இந்தப் போரில் என்னால் மன்னிக்க முடியாதவற்றில் இதுவும் ஒன்று.

மறுபக்கத்திலும் நட்பு நாடுகளின் பீரங்கிகள்தாம் பேசின. 2022 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவின் எம்-777, பிரான்சின் சீசர், ஜெர்மனியின் பான்சர்ஹௌபிட்ஸே 2000, போலந்தின் கிராப் எல்லாம் உக்ரைனுக்கு வந்தன. நான்குமே நேட்டோவின் 155 மில்லிமீட்டர் என்பதால் குண்டு பொதுவாயிற்று. உதிரிபாகம் பொதுவாகவில்லை. ஜெர்மானியப் பீரங்கிகளை லித்துவேனியாவுக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் கொண்டுபோய்ப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. உக்ரைனியர்களே ஜெர்மனிக்குப் போய்ப் பயின்று வந்தார்கள். தங்கள் படையைக் களத்தில் இறக்க அந்த நாடுகள் எதுவும் முன்வரவில்லை.

களத்தில் கோக்சான் எப்படி நின்றது? தொலைவில் அது உண்மையாகவே பயன்பட்டது. முன்வரிசைக்கு வெகு பின்னால் இருந்துகொண்டு, எதிரியின் பெரும்பாலான பீரங்கிகளுக்கு எட்டாமல் சுடலாம். ஆனால் இன்று வானத்தில் ட்ரோன்கள் இருக்கின்றன. பறக்கும் குண்டின் பாதையை ரேடார் பின்னோக்கிக் கணக்கிட்டு, சுட்ட இடத்தைச் சொல்லிவிடும். அந்த இடத்தைத் தேடி ட்ரோன் வந்துவிடும். மெதுவாகச் சுடுகிற, எளிதில் மறைக்க முடியாத, மேலே மூடியில்லாத பீரங்கிக்கு இதைவிட மோசமான எதிரி இல்லை. 2025 பிப்ரவரியில் லுகான்ஸ்க் பகுதியில் ஒரு கோக்சான் ட்ரோனால் தாக்கப்பட்டு எரியும் காணொளியை உக்ரைன் படையினர் வெளியிட்டார்கள். அதன் பிறகு இன்னும் சில எரிந்தன.

பியோங்யாங்குக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். ஐ.நா. ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய் சுத்திகரித்த எண்ணெய்தான் வட கொரியாவுக்கு அனுமதித்திருக்கிறது. 2024இல் ரஷ்யா மட்டும் 10 லட்சத்துக்கும் மேல் கொடுத்தது என்கிறது கண்காணிப்புக் குழு. வான்பாதுகாப்புக் கருவிகளும் மின்னணுப் போர்க் கருவிகளும் போயிருக்கின்றன. தொடக்கத்தில் குறியிலிருந்து வெகுதூரம் விலகி விழுந்த வட கொரிய ஏவுகணைகள், உக்ரைன் நகரங்களின் மேல் ஏவி ஏவித் திருத்தப்பட்டு, பின்னாளில் துல்லியமாக விழத் தொடங்கியதாக உக்ரைன் படை உளவுத்துறை சொல்கிறது. ட்ரோனுக்குத் தப்பிச் சுடுவது எப்படி என்று அந்தப் போரில் கற்ற வட கொரிய வீரர்கள் திரும்பிப் போகும்போது, எல்லையோர மலைகளில் அவர்களுக்காக நூற்றுக்கணக்கான கோக்சான்கள் இன்னும் காத்திருக்கின்றன. சியோலின் பாதுகாப்புத் திட்டங்களை எழுதுகிறவர்கள் இனி அந்தத் திரும்பி வருகிறவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.