ஊசி இரண்டு விரல் மேலே போனால்

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்தால் ஃப்ளூ ஊசிக் காலம். மருந்துக் கடையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம். அவசரத்தில் சிலர் கையை முழுக்கக் காட்டாமல் சட்டையின் கழுத்துப் பக்கத்தை மட்டும் இழுத்துவிடுவார்கள். ஊசி கொஞ்சம் மேலே இறங்கிவிட அதுவே போதும்.

தோள் எலும்பின் முனைக்கு இரண்டு, மூன்று விரற்கடை கீழே, சதைப்பற்றான இடத்தில்தான் குத்த வேண்டும். மேலே போனால், தசைக்கு அடியில் உள்ள 'பர்சா' என்னும் திரவப் பையில் மருந்து இறங்கிவிடலாம். உடலின் எதிர்ப்பு சக்தி அங்கேயே கிளம்பி, மூட்டைச் சுற்றி அழற்சி உண்டாகும். ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிப்பது சகஜம். இந்த வலியோ மாதக்கணக்கில் நீடிக்கும். தலை வாரக்கூடக் கை உயராது. இதற்கு 'சிர்வா' என்று பெயர்.

இதற்கு அங்கே இழப்பீடு உண்டு. 1980-களில் முத்தடுப்பு ஊசி தொடர்பான வழக்குகள் குவிந்ததில் சில நிறுவனங்கள் தயாரிப்பையே நிறுத்தின. தடுப்பூசிக்கே தட்டுப்பாடு வரும் என்ற நிலையில் 1986-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி இழப்பீட்டு நிதியில் சேர்கிறது. மனு போடுவது நர்ஸ் மேலோ கம்பெனி மேலோ அல்ல. சுகாதாரத் துறைச் செயலர் மேல். வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்தின் சிறப்பு அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். நியாயமான அடிப்படை இருந்தால், தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை நிதியே கொடுத்துவிடும். வலி, வேதனைக்கான தொகைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர்.

2017-இல் சிர்வா, இழப்பீட்டுக்குரிய பாதிப்புகளின் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறியது. அதில் சொன்ன நிபந்தனைகள் பொருந்தினால், ஊசிதான் காரணம் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது; 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும்; வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும்; வேறு காரணம் இருக்கக் கூடாது. பொதுவாகப் பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறி தெரிந்த மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

பலருக்குச் சிக்கல் தருவது அந்த 48 மணி நேரம்தான். "தானாகச் சரியாகிவிடும்" என்று மூன்று மாதம் பொறுத்துவிட்டு டாக்டரிடம் போகிறார் ஒருவர். சீட்டில் "சில வாரங்களாக வலி" என்று பதிவாகிறது. ஊசி போட்ட அன்றே வலித்தது என்று அவர் பிறகு சொன்னாலும், அரசுத் தரப்பு அந்தச் சீட்டைத்தான் எடுத்து நீட்டும்.

பட்டியலில் சிர்வா இருப்பதே ஒருமுறை ஆட்டம் கண்டது. குத்தியவரின் தவறுக்குத் தடுப்பூசி நிதி ஏன் பணம் தர வேண்டும் என்பது அரசின் கேள்வி. 2020-இல் அதை நீக்க முன்மொழிந்து, 2021 ஜனவரியில் விதியும் போட்டார்கள். ஆட்சி மாறியதும், ஏப்ரலில் அந்த விதி ரத்தானது.

கோவிட் ஊசி வந்தபோது அதை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அதற்கான தனித் திட்டத்தில் ஊசி போட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வலிக்கும் வேதனைக்கும் பணம் கிடையாது, வக்கீல் கட்டணமும் கைக்காசு.