நனைந்த வளைவில் நாற்பது

மேலைநாட்டு மோட்டார் சைக்கிள் கையேடுகள் குளிர்காலம் என்று டிசம்பரையும் சனவரியையும் குறிக்கும். இலங்கை மலையகத்து வட்டவளையிலோ கைவிரல் விறைப்பது மே மாதத்தில் தொடங்கிவிடும். தென்மேல் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலையகத்தின் மேற்குச் சரிவில் மோதுகிறது; மேலேறும் காற்று குளிர்ந்து, சுமையை மழையாக இறக்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை விழும் வட்டவளை, இலங்கையில் மழை மிகுந்த இடங்களில் ஒன்று. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வழியாக ஹற்றனுக்கு ஏறும் ஏ-7 வீதியில் செப்டெம்பர் வரை பைக் ஓட்டுபவர் நீரோடுதான் பழகவேண்டும்.

நீர் முதலில் டயரின் பிடியைக் குறைக்கிறது. உலர்ந்த தார்வீதியில் டயரின் உராய்வுக் குணகம் சுமார் 0.7. நனைந்தால் 0.4 வரை இறங்கிவிடும். வெயில் நாட்களில் தேங்கிய எண்ணெயும் தூசும் முதல் மழையில் கிளம்பி மிதக்கும் சில நிமிடங்களில் இன்னும் மோசம். வெள்ளைக் கோடு, பாலத்தின் இரும்பு இணைப்பு, மண்மேட்டிலிருந்து வழிந்த சேறு, நிழலோரத்துப் பாசி ஆகியவற்றில் டயர் எந்த மழையிலும் வழுக்கும்.

இந்த 0.4 எவ்வளவு சிறியது என்பது வளைவில் தெரியும். 30 மீற்றர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 40 கிலோமீற்றரில் திரும்பினால், திரும்புவதற்கு மட்டுமே 0.42 பிடி வேண்டும். நனைந்த வீதி அதைத் தராது. வேகம் 30 ஆனால் 0.24 போதும். வேகத்தைக் கால்பங்கு குறைத்தால் தேவை ஏறக்குறைய பாதியாவதற்குக் காரணம், அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பதுதான். பிரேக் பிடிக்கவும் அதே பிடியில்தான் பங்கு எடுக்கவேண்டும். வளைவின் நடுவில் பதறிப் பிரேக் பிடித்தவரின் பைக் வழுக்கி விழுவது இதனால்தான். வேகத்தை வளைவுக்கு முன்பே, பைக் நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட வேண்டும்.

இறக்கம் இன்னொரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். 100 மீற்றருக்கு 8 மீற்றர் இறங்கும் நனைந்த சரிவில், 40 வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு ஒரு வினாடியில் பிரேக் பிடித்தாலும் நிற்பதற்குள் சுமார் 31 மீற்றர் கடந்திருப்பார். 30 வேகத்தில் 20 மீற்றருக்குள் நின்றுவிடலாம். பனிமூட்டத்தில் 25 மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாவிட்டால் எந்த வேகம் சரி என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். வட்டவளை மூட்டம் பெரும்பாலும் வீதிக்கு இறங்கிய மேகம். அதன் நுண்துளிகள் 'ஹை பீம்' ஒளியைச் சிதறடித்து ஓட்டுபவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும், தாழ்வொளிதான் நல்லது. இறக்கத்தில் குறைந்த கியரில் வந்தால் எஞ்சினே பாதி வேலையைச் செய்யும். நீர் புகுந்த ட்ரம் பிரேக் சட்டென்று பிடிக்காது. ஓடும்போதே இடையிடையே மெதுவாக அழுத்தினால் சூடேறி உலர்ந்துவிடும்.

உடலிலும் நீர் வேலை காட்டும். காற்றைவிட நீர் வெப்பத்தை 20 மடங்குக்கு மேல் கடத்தும். நனைந்த கையுறையின் நீர் ஆவியாகும்போதும் தோலின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். விறைத்த விரல் பிரேக் லீவரை எட்டத் தாமதமாகும் அரை வினாடியில், 40 வேகத்தில் பைக் ஐந்தரை மீற்றர் ஓடிவிடும். கையுறைக்கு மேல் நீர் புகாத உறை ஒன்று போட்டால் அந்தத் தாமதம் குறையும். மூச்சுப் படிந்து ஹெல்மட் கண்ணாடி மங்கினால் அதைச் சற்றே திறந்து காற்றுப் போகவிட வேண்டும்.

நுவரெலியாவரை ஓட்டுபவருக்கு இன்னொரு குளிர்காலமும் உண்டு. சுமார் 1,900 மீற்றர் உயரத்தில், சனவரி, பெப்ரவரியில் மேகமற்ற இரவுகளில் நிலத்தின் வெப்பம் வானுக்குத் தப்பிவிட, விடியலில் உறைபனி படியும். 10 பாகையில் 40 வேகத்தில் ஓடினால், உடலுக்கு அது 6 பாகைபோல் உறைக்கும். பனி படிந்த தாரில் உராய்வு 0.1-க்கு அருகே இறங்கக்கூடும். அங்கே எந்த ஓட்டுதிறனும் கைகொடுக்காது. வெயில் ஏறும்வரை காத்திருந்து புறப்படுவதுதான் வழி.

வட்டவளையில் அப்படிக் காத்திருக்க முடியாது. மழை நிற்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். டயரின் தேய்மானத்தை மே மாதத்துக்கு முன் பாருங்கள். நீரை வெளியேற்றுவது அதன் பள்ளங்கள்தான். அவை மழுங்கியிருந்தால் மேலே சொன்ன 0.4-கூடக் கிடைக்காது.