மகளை அழைத்துச் சோறிடும் மணிப்பூர்த் திருநாள்

மணிப்பூரில் வாழும் மெய்த்தேய் மக்களின் திருநாட்களுள் 'நிங்கோல் சாக்கௌபா' சிறப்புடையது. நிங்கோல் என்பது மகளைக் குறிக்கும். சாக் என்பது சோறு. கௌபா என்பது அழைத்தல். மணமாகிச் சென்ற மகளிரைப் பிறந்தகத்தார் முறைப்படி அழைத்து விருந்திடும் நாள் இது. அவர்களுடைய ஹியாங்கை மாதத்து வளர்பிறைத் துவிதியையன்று, அதாவது அக்டோபர் அல்லது நவம்பரில், இது வரும்.

அழைப்பில்லாமல் வருவது மரபன்று. ஏறக்குறைய ஒரு வாரம் முன்னரே தமையனோ தம்பியோ சகோதரியின் புகுந்தகம் சென்று நேரில் அழைக்க வேண்டும். அவளுக்கு எவ்வளவு வயதாயினும், பேரன் பேத்தி எடுத்தவளாயினும், இம்முறை மாறுவதில்லை. தாய் வீட்டில் அவளுக்குள்ள இடம் இவ்வாறு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. குறித்த நாளில் அவள் குழந்தைகளுடன் பழங்களும் இனிப்புகளும் ஏந்தி வருகிறாள். உணவுக்குப் பின் பரிசு பெற்று, பிறந்தகத்தார் நலமுற வாழ்த்தித் திரும்புகிறாள். அன்று அவ்வீட்டு மருமகளும் தன் தாய்வீட்டுக்குச் செல்ல வேண்டியவளாதலின், அடுக்களையில் ஆண்களும் கைகொடுக்க நேரிடுகிறது, இது நல்லதே!

முற்காலத்தில் சகோதரியே உடன்பிறந்தானை அழைத்து விருந்திட்டாள் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட சந்திரகீர்த்தி மன்னருக்குச் சகோதரியர் பலர்; ஒரே நாளில் அனைவர் இல்லத்துக்கும் செல்ல இயலாமையால் அவர்களை அரண்மனைக்கு வரவழைத்தார் என்றும், அதுவே வழக்காயிற்று என்றும் மரபு கூறுகிறது.

நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நம் அன்பர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இனித்தான். அன்று மகளிர் உடுத்துவது பெரும்பாலும் உள்ளூர்த் தறியில் நெய்த பனேக் என்னும் இடுப்பாடையும் இன்னபி என்னும் மேலாடையும் ஆகும். மணிப்பூரில் தறியில் அமர்வோர் பெரும்பாலும் பெண்களே. மென்மைக்குப் பேர்பெற்ற வாங்கெய் பீ, கரையில் கோபுர வடிவம் ஓடும் மொய்ராங் பீ ஆகியவற்றுக்கு 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தகைய துணியை அவசரத்தில் நெய்து முடிக்கவியலாது. விழா நெருங்கிய பின் நூல் தேடும் நெசவாளி விற்பனையை இழப்பாள். இம்பாலில் பெண்களே கடை நடத்தும் இமா கெய்தெல் சந்தை இந்நாட்களில் நிரம்பி வழியும்.

விருந்தின் தலைமைப் பொருள் மீன். வாளை இனத்தைச் சேர்ந்த 'சரெங்' மீனுக்கு மதிப்பு மிகுதி. குளத்து மீன் வளர்ப்போர் இந்நாளைக் கருதியே மீன்களைக் காத்து வைக்கின்றனர். மாநில மீன்வளத் துறை விழாவையொட்டி மீன் சந்தை நடத்துகிறது. அப்படியும் தேவை மிஞ்சி, வெளி மாநிலங்களிலிருந்து மீன் வருகிறது, விலையும் ஏறுகிறது. சகோதரிகள் பலரைப் பெற்ற எளிய உழவனுக்கு இது பெருஞ்சுமைதான். அழைக்காமல் இருப்பதோ அவனுக்கு அதனினும் பெருந்துயரம்.

2023 மே மாதம் மூண்ட கலவரத்தில் பல்லாயிரவர் வீடிழந்து நிவாரண முகாம்களை அடைந்தனர். அவ்வாண்டு நவம்பரில் இத்திருநாள் ஆரவாரமின்றிக் கழிந்தது. அழைப்பதற்கு வீடில்லாத குடும்பத்தார் முகாமிலேயே மகளிருக்கு இலை போட்டனர்.