பேச்சைக் கற்பிக்கும் படிப்பு

ஆரணி என்றதும் பட்டு என்பதே நம் நினைவுக்கு வரும். ஆனால் 'பட்டு' என்னும் அச்சிறு சொல் வாயினின்று வெளிவர என்னென்ன நிகழவேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உதடுகள் மூடவேண்டும், மேலண்ணத்தின் பின்புறத்திலுள்ள மெல்லிய தசை உயர்ந்து, மூக்கிற்குச் செல்லும் வழியை அடைக்கவேண்டும், வாய்க்குள் ஒரு கணம் தேங்கிய காற்று, உதடு திறந்ததும் வெடித்து வெளிப்படவேண்டும், உடனே நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட்டுக் காற்றை மீண்டும் மறிக்கவேண்டும். அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தையால் இவ்வாறு காற்றைத் தேக்க இயலாது. அது மூக்கு வழியே கசிந்துவிடும். குழந்தை 'பட்டு' என்று சொல்ல முயல்கிறது. கேட்பவர் செவியிலோ 'மண்ணு' என்பது போல் விழுகிறது.

பள்ளி இலக்கணத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நாமெல்லாரும் படித்திருக்கிறோம். எந்த எழுத்து வாயின் எவ்விடத்தில் பிறக்கிறது, மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் காற்று எவ்வாறு துணைசெய்கிறது என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் அன்றே கூறிவைத்தார். மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, மறந்துபோன அப்பாடம், வல்லினமெல்லாம் மெல்லினமாய் ஒலிக்கும் ஒரு குழந்தையின் முன்னே மருத்துவக் கருவியாகிறது. அதனைக் கருவியாகக் கையாளக் கற்றவரே பேச்சு மொழி நோய்க்குறியியலாளர். பெயர் சற்று நீளம்தான். மக்கள் 'ஸ்பீச் தெரபிஸ்ட்' என்று முடித்துக்கொள்கின்றனர். நாமும் இங்கே பேச்சுச் சிகிச்சையாளர் என்றே குறிப்பிடுவோம்.

உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கிறது. பிறந்த சில மாதங்களில் உதட்டையும், ஒரு வயதையொட்டி அண்ணத்தையும் அறுவை செய்து இணைக்கின்றனர். பல மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகவே நடைபெறுகிறது. இனிக் கவலையில்லை என்று பெற்றோர் வீடு திரும்புகின்றனர். ஆனால் அண்ணத்தைத் தைத்துவிட்டதாலேயே பேச்சு திருந்திவிடுவதில்லை. வாயில் காற்றைத் தேக்க இயலாத குழந்தை, தொண்டையிலேயே ஒலிகளை மறித்துப் பேசப் பழகியிருக்கக்கூடும். அப்பழக்கத்தை மாற்றுவது கத்தியால் ஆகும் காரியமன்று. மாதக்கணக்கில், ஒலி ஒலியாகவும் சொல் சொல்லாகவும் பழக்கவேண்டும்.

ஆரணி போன்ற ஊர்களின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. வேலூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னையோ அதைப்போல் மும்மடங்குக்கும் மேல். தறியில் பாவு ஏறியிருக்கும் வேளையில் வீட்டில் ஒருவர் குழந்தையுடன் பேருந்து ஏறினால் அன்றைய கூலி போயிற்று. குடும்பமே சேர்ந்து செய்யும் தொழிலாதலால் மற்றவர் வேலையும் தடைப்படும். நான்கு வாரம் செல்வார்கள். ஐந்தாம் வாரம் முகூர்த்தக் காலம் வந்துவிடும், சேலையை முடித்தாக வேண்டும். அத்தோடு பயிற்சி நின்றுவிடும். "தானாக வாய் திறக்கும், இவன் பெரியப்பாவும் ஐந்து வயதில்தான் பேசினார்" என்று ஆறுதல் கூறுவதற்குப் பாட்டிமார்களும் உண்டு.

இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு நல்ல விடை, ஆரணி அடங்கியுள்ள திருவண்ணாமலை மாவட்டத்திலேயே முயன்று பார்க்கப்பட்டது என்பதை நம் வாசகர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தின் பேச்சு, மொழி, கேள்வி அறிவியல் துறையினர், பிளவுடன் பிறந்த குழந்தைகளுக்காக இம்மாவட்டத்தில் சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பணியைத் தொடங்கினர். பட்டதாரிகளை ஊர்தோறும் அமர்த்த இயலாது என்பதை உணர்ந்து, உள்ளூரைச் சேர்ந்த பணியாளர்களுக்கு அவர்களே பயிற்சியளித்தனர். பணியாளர் வீட்டிற்கே சென்று குழந்தையைப் பழக்குவார். எந்த ஒலியை முதலில் எடுப்பது, எப்போது அடுத்த படிக்குச் செல்வது என்பதைத் தேர்ச்சி பெற்ற சிகிச்சையாளர் வகுத்துத் தருவார். இம்முறை பின்னர்க் கடலூர் மாவட்டத்திற்கும் விரிந்தது. இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நேரில் ஒரு குழந்தைக்குச் சொல்லித்தரும் திறன் மட்டும் இதற்குப் போதாது. பிறருக்குக் கற்பித்து, அவர்கள் பணியை அளந்து பார்த்துத் திருத்தும் திறன் தேவை. முதுகலைப் படிப்பின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

அப்படிப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். மேனிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்கள் எடுத்தவர் முதலில் சேரவேண்டியது பி.ஏ.எஸ்.எல்.பி. எனப்படும் இளங்கலை. மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியுமாக நான்காண்டுகள். கேள்வியும் பேச்சும் இதில் ஒருங்கே கற்பிக்கப்படும். கேளாத செவிக்குப் பேச்சு எட்டுவதில்லையன்றோ? மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் குணமாக்கிய மனிதரைப் பற்றிக் கூறும்போது, காது கேளாமையையும் பேச்சுத் தடையையும் நற்செய்தியாளர் சேர்த்தே குறிப்பிடுவதை நாம் நினைத்துப் பார்க்கலாம். இதற்கு மேல் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. இங்குக் கேள்வியியல் ஒரு கிளையாகவும் பேச்சு மொழி நோய்க்குறியியல் மற்றொரு கிளையாகவும் பிரியும்.

பின்னதைத் தெரிந்துகொண்டவர் வெறும் உச்சரிப்பை மட்டும் படிப்பதில்லை. பக்கவாதத்தால் மூளையில் மொழிக்குரிய பகுதி சிதைந்து சொல்லிழந்தவர், திக்குவாயால் வகுப்பில் கையுயர்த்தத் தயங்கும் மாணவன், புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்டவர், ஓயாது கத்திப் பாடம் நடத்திக் குரல்நாண் தடித்துப்போன ஆசிரியை, ஆட்டிசம் உள்ள குழந்தை, தண்ணீரை விழுங்கினாலும் புரையேறும் முதியவர் ஆகிய இவர்கள் அனைவரும் அவரிடம் வருவர். ஆகவே உடற்கூற்றியலும் நரம்பியலும் மொழியியலும் உளவியலும் கற்றாகவேண்டும். நாள்தோறும் மருத்துவமனையில் மேற்பார்வையின்கீழ்ப் பணிசெய்ய வேண்டும், ஆய்வேடும் எழுதவேண்டும். இது எளிய படிப்பு என்று எண்ணிச் சேருவோர் முதல் ஆண்டிலேயே திகைப்பர்.

இந்தியாவில் இக்கல்விக்குத் தாய்வீடு போன்றது மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு கேள்வி நிறுவனம். 1965இல் மத்திய அரசின் நலவாழ்வு அமைச்சகத்தின்கீழ்த் தன்னாட்சி நிறுவனமாகத் தோன்றியது. தமிழகத்தில் போரூர் நிறுவனமும், சென்னையிலுள்ள மெர்ஃப் பேச்சு கேள்வி நிறுவனமும் முதுகலை வரை கற்பிக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இளங்கலை உண்டு. ஆரணிப் பிள்ளைகளுக்கு இதுவே அருகிலுள்ளது. 1880இல் இயேசு சபைக் குரு அகுஸ்து முல்லர் மங்களூரில் தொடங்கிய மருந்தகம் இன்று பெரும் மருத்துவ நிறுவனமாக வளர்ந்து, பேச்சு கேள்விக் கல்லூரியையும் நடத்துகிறது. எங்குப் படித்தாலும், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுசெய்த பின்னரே தொழில் செய்யலாம். பதிவின்றிச் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. சில மாதப் பயிற்சியைக் காட்டிப் பலகை மாட்டுவோரிடம் பெற்றோர் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

நம் நாட்டில் இளங்கலையே பதிவுக்குப் போதுமானது. அமெரிக்காவில் முதுகலைப் பட்டமின்றி இத்தொழிலில் நுழைய முடியாது. 1925இல் தோன்றிய அந்நாட்டுச் சங்கம், சான்றிதழுக்கு 400 மணி நேர மருத்துவப் பயிற்சியும், பட்டத்திற்குப் பின் மேற்பார்வையிலான பணியும் கேட்கிறது. நம் பட்டதாரிகள் பலர் கடல்கடந்து செல்கின்றனர். எஞ்சியோர் பெருநகரங்களில் தங்கிவிடுகின்றனர். குடும்பப் பாரம் சுமக்கும் இளையோரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆயினும் இத்தொழிலுக்கென ஒரு தனி இயல்பு உண்டு. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் மருத்துவர்க்கு நோயாளியின் மொழி சிறிதளவு தெரிந்தால் போதும். பேச்சுச் சிகிச்சையாளருக்கோ மொழியே மருந்து. ஆங்கிலப் பாடநூல் ழகரத்தைப் பற்றிக் கூறாது. நான்கு வயதுக் குழந்தை 'மழை' என்பதை 'மயை' என்றால் அது வளரும் பருவத்தின் இயல்பா, குறையா? வட்டார வழக்கை அறிந்தவரே சொல்லமுடியும்.

ஆரணியில் இன்னும் ஒரு படி மேலே செல்லவேண்டும். வீட்டில் சௌராட்டிர மொழியோ தெலுங்கோ பேசி, தெருவிலும் பள்ளியிலும் தமிழ் பேசும் நெசவுக் குடும்பங்கள் இங்கு உள்ளன. அத்தகைய வீட்டுப் பெரியவர் பக்கவாதத்தில் பேச்சிழந்தால், தமிழில் மட்டும் வினவிவிட்டு 'ஒன்றும் புரியவில்லை' என்று எழுதிவிடுவது அநீதியாகும். இரு மொழியும் ஒரே அளவில் மீளவேண்டும் என்பதில்லை. ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் மீளக்கூடும். நாடா, பாவு, ஊடை, சரிகை, முந்தானை என்று அவர் வாழ்நாளெல்லாம் புழங்கிய சொற்களைக் கொண்டு பயிற்சி தொடங்கத் தெரிந்தவர், அத்தெருவில் வளர்ந்த ஒருவராக இருந்தால் எவ்வளவு நலம்!

கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செவிக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியும், அதன் பின்னர்ப் பயிற்சியும் வழங்கப்படுகின்றன. கருவி ஒலியைத்தான் தரும். அது அம்மாவின் குரல், இது தறியின் ஓசை எனப் பிரித்தறியக் குழந்தையைப் பழக்கவேண்டியவர் சிகிச்சையாளரே. ஓயாத தறியோசைக்கிடையே வளரும் குழந்தையிடம் வீட்டார் நேர் முகம் பார்த்து எவ்வளவு நேரம் பேசுகின்றனர் என்பதையும் அவர் கேட்டறிவார்.

ஒரு வயதில் ஒன்றிரண்டு சொற்களும், இரண்டு வயதில் 'அம்மா வா' என்பது போல் இரு சொற்களைச் சேர்த்தும் சொல்லாத குழந்தைக்கு முதலில் செவிச் சோதனை செய்யவேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டு, அவற்றில் பேச்சுச் சிகிச்சையாளர் பணியிடமும் வகுக்கப்பட்டுள்ளது. இவ்வாண்டு மேனிலைத் தேர்வெழுதும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: தமிழகக் கல்லூரிகளில் பி.ஏ.எஸ்.எல்.பி. இடங்களுக்கான அறிவிப்பு, துணை மருத்துவப் படிப்புகளின் சேர்க்கை அறிவிப்போடு சேர்ந்தே வரும். மைசூர் நிறுவனம் தனக்கென நுழைவுத்தேர்வு நடத்துகிறது. இரண்டிற்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.