செர்ரி வேடம் போட்ட களாக்காய்

கல்யாணப் பந்தியிலும் ஐஸ்கிரீம் கடையிலும் கோப்பையின் உச்சியில் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருக்கும் 'செர்ரி', பல நேரங்களில் செர்ரியே இல்லை. களாக்காயின் விதையை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்பு நிறமி ஏற்றியது அது. பக்கத்தில் பச்சையும் மஞ்சளுமாகச் சிதறிக் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக்காய்க்கு நேர்ந்த அதே கதி.

திருக்கோகர்ணத்தைச் சுற்றியுள்ள புதுக்கோட்டைப் பொட்டல்களுக்குக் களாச்செடி புதிதல்ல. ஊர்ப் பிள்ளைகள் முள்ளுக்குத் தப்பிப் பறித்துத் தின்னும் கறுத்த களாப்பழம், புளிப்பும் இனிப்புமாக நாக்கைச் சுண்டும். அந்தச் சுவையை முழுக்கக் கழுவித் தள்ளிவிட்டுச் சாயமும் சர்க்கரையும் ஏற்றிய பிறகுதான் அது ஐஸ்கிரீம் மேல் ஏறும் தகுதி பெறுகிறது. ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. அதற்குப் பிறகு நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் பெற்றோரிடம் வந்திருந்தால் நல்லது.

கரண்டிக் கணக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல்படி, பெரியவர் ஒருவரின் ஒருநாள் உணவில் சேர்க்கும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருப்பது சிறப்பு. அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமில், பாலில் இயல்பாக உள்ள சர்க்கரை போக, ஏறக்குறைய 10 கிராம் சேர்த்த சர்க்கரை இருக்கும். அதன் மேல் இரண்டு மேசைக்கரண்டி சாக்லேட் சாஸ் ஊற்றினால் இன்னொரு 20 கிராம். ஐஸ்கிரீமை விட அதன் அலங்காரமே அதிகக் கேடு என்பது பலர் கவனிக்காத கணக்கு.

சாஸுக்குப் பதில் மேலே பழம் போடலாம். முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் இந்த வரம்பில் சேர்ப்பதில்லை. பழச்சாற்றையும் தேனையும் சேர்க்கிறது. ஆகவே பழத்தை மிக்ஸியில் அடித்து வடிகட்டித் தேன் ஊற்றுவதால் ஆரோக்கியம் கூடிவிடாது. துண்டாகவே போட வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். இரண்டு கரண்டி ஐஸ்கிரீம் வைக்கும் இடத்தில் ஒன்றை வைத்து, மிச்ச இடத்தைப் பழத்தால் நிரப்பினால்தான் பலன். இரண்டு கரண்டியையும் வைத்துவிட்டு மேலே பழத்தைத் தூவினால் கலோரி கூடும், அவ்வளவே.

இன்னொன்று: உறையில் 'ஐஸ்கிரீம்' என்று போட வேண்டுமானால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றிருந்தால் உள்ளே இருப்பது தாவரக் கொழுப்பு.

வடகாட்டுப் பலா

மேலே போடப் பழம் தேடித் திருக்கோகர்ணத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். ஆலங்குடி தாண்டினால் வடகாடு, கீரமங்கலம் வட்டாரம் முழுக்கப் பலாத் தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயல் அந்தப் பகுதியில் பல்லாண்டு வளர்ந்த பலா மரங்களைச் சாய்த்துப் போட்டது. தப்பியவையும் பிறகு வைத்தவையும் இன்றும் கோடையில் காய்த்துக் குலுங்குகின்றன.

ஐஸ்கிரீமுக்கு ஒழுகும் கூழன் பலா சரிப்படாது; கடித்தால் நறுக்கென்று இருக்கும் வருக்கைச் சுளைதான் பொருத்தம். பலா கிடைக்காத நாளில் கொய்யா இருக்கிறது. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி கொண்ட பழம் அது. மாம்பழம் வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். எத்திலீன் வாயுவுக்கு வரம்போடு அனுமதி உண்டு.

அன்னாசி ஒரு தனி ரகம். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். பரிமாறும் நேரத்தில் போட்டால் தெரியாது. முன்கூட்டியே கலந்து வைப்பதானால் ஒரு கொதி விட்டு ஆறவைக்க வேண்டும்.

பச்சிலை வாசம்

பழத்தோடு வாசத்துக்குச் சேர்க்க ஏற்ற புதினா, துளசி, திருநீற்றுப்பச்சிலை ஆகிய மூன்றுமே தொட்டியில் வளரும். கோயில் வாசலில் மாலைக்கு விற்கும் துளசியைக் கிண்ணத்தில் போடக் கூடாது. சூடுவதற்கு வந்த இலை அது, உண்பதற்கென்று வளர்த்ததல்ல. திருநீற்றுப்பச்சிலையின் விதைதான் கடைகளில் கிடைக்கும் சப்ஜா.

ஐஸ்கிரீம் மேல் போடும் பழக்கலவைக்கு, நான்கு பேருக்கு ஒரு கப் பலாச்சுளைத் துண்டு, ஒரு கப் மாம்பழம், அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு போதும். கால் மணி நேரம் மூடி வைத்தால் உப்பே பழத்தின் சாற்றை இழுத்துக் கொண்டுவரும், தனியாகப் பாகு வேண்டியதில்லை. இலையை முன்பே அரிந்தால் கறுத்துவிடும். கடைசியில் கையால் கிள்ளிப் போடுவதே நல்லது. பழத்தை உறைய விடவும் கூடாது. கடுங்குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத் தெரியும். ஐஸ்கிரீமில் அவ்வளவு சர்க்கரை கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். லேசான குளிர்ச்சியில் பழத்தின் சொந்த இனிப்பே தாராளம்.

கத்தியும் ஈயும்

பழத்தால் வரும் வயிற்றுக் கோளாறு பல நேரங்களில் தோலிலிருந்தும் கத்தியிலிருந்தும் வருவது. மாம்பழத்தைக் கழுவாமல் அறுத்தால் தோலின் அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோய்விடும். கறி வெட்டிய பலகையில் பழம் கூடாது. புதினாவை இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும், கடைசித் தண்ணீர் குடிநீராக இருக்கட்டும். சாலையோரம் ஈ மொய்க்க அறுத்து வைத்த சுளையை வாங்கி வந்து வீட்டில் கழுவினாலும் பயனில்லை.

நறுக்கிய பழம் 5 டிகிரிக்கு மேல் அதிக நேரம் இருந்தால் கிருமிகள் பெருகும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே ஜாஸ்தி. உறைகுளிரும் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. அமெரிக்காவின் 'ப்ளூ பெல்' ஐஸ்கிரீமில் இருந்த லிஸ்டீரியா கிருமியோடு மூன்று பேரின் மரணம் தொடர்புடையது என்று 2015-ல் தெரியவந்தது. உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறைய வைக்கும் வழக்கத்தை, மின்வெட்டு நாளில்கூட, விட்டுவிட வேண்டும்.

யாருக்கு அளவு வேண்டும்

100 கிராம் பலாச்சுளையில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. நீரிழிவுள்ளவர்கள் இரண்டு சுளையோடு நிறுத்திக்கொண்டு கொய்யாப் பக்கம் போகலாம். சிறுநீரக நோயாளிகளுக்குச் சிக்கல் சர்க்கரையில் மட்டுமில்லை, பொட்டாசியத்திலும் உண்டு. பலாவும் வாழையும் அதில் தாராளம் என்பதால் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் பப்பாளியும் ஒத்துக்கொள்வதில்லை.

சிறு குழந்தைகளுக்குத் திராட்சையை முழுசாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுக்க வேண்டும். சப்ஜாவைக் கால் மணி நேரமாவது ஊறவைத்து, அது பொங்கிக் கண்ணாடிபோல் ஆன பிறகே கிண்ணத்தில் சேர்க்கலாம்.