விகுதியில் இருக்கும் சாதி



தமிழில் ஒருவரோடு பேசத் தொடங்கும்போதே நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். வினையின் விகுதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்: வா, வாங்க; வந்தான், வந்தார். வயதையும் பழக்கத்தையும் பார்த்து இதைத் தீர்மானிக்கிறோம் என்றுதான் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். கிராமத்தில் கணக்கு வேறு. பத்து வயதுப் பையன் எழுபது வயதுப் பெரியவரை ‘வாடா’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும், அவர் அந்தப் பையனைச் ‘சின்னய்யா’ என்றதையும் நம் தாத்தாக்கள் அனுபவித்திருக்கிறார்கள். தஞ்சைப் பக்கம் பண்ணையாளின் வாயில் ‘ஆண்டே’ தயாராக இருக்க வேண்டும். நிலமும் கூலியும் அடிமைத்தனத்துக்குக் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யார் ஆண்டை, யார் ஆள் என்பதைத் தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி தினமும் நிலைநாட்டியவை இந்த விளிகள்.

இன்று 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ‘வாடா’ என்று சொல்லப் பயம். ‘வாங்க’ என்று சொல்ல மனம் வராது. அப்போது மொழி ஒரு சந்து காட்டுகிறது. ‘சாப்பிட்டாச்சா?’ ‘எங்க, கிளம்பியாச்சா?’ இவற்றில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. எல்லோரும் இப்படிப் பேசுவதுண்டு என்பதால், ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே டீக்கடையில், ஒரே வாய், தலித் ஊராட்சித் தலைவரிடம் ‘சாப்பிட்டாச்சா’ என்றும், அவரைவிட இளைய ஒப்பந்தக்காரரிடம் ‘சாப்பிட்டீங்களா’ என்றும் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் சாதி தெரியும்.

அடுத்தது ‘நம்ம’. கேட்பவரைச் சேர்த்துக்கொள்வது நாம், விலக்குவது நாங்கள். ‘அவரு நம்மாளா?’ என்ற கேள்வியில் சாதி என்ற சொல்லே கிடையாது. ஆனால் பொருள் எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறோம். ‘நம்ம வீடு மாதிரி இருந்துக்கலாம்’ என்று தொடங்குகிற வீட்டுக்காரர், எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று கேட்டுக்கொண்டே வருகிறார். மூன்றாவது பதிலுக்குப் பிறகு ‘நாங்க சைவம்’ என்கிறார். ‘நம்ம’ ‘நாங்க’வாக மாறிய அந்த நொடியிலேயே வீடு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

பதில் சொல்வதும் அடையாளத்தை உருவாக்கும் வேலைதான். பக்கத்து டவுன் பெயரைச் சொல்லி நழுவுகிறவர் உண்டு. சாதியைப் பட்டென்று சொல்லி, கேட்டவரை நெளியவிடுகிறவரும் உண்டு. முதலாமவரைக் கோழை என்று நம் தோழர்கள் ஏசுவதில் நமக்கு உடன்பாடில்லை. அவருக்கு அந்த மாதம் குடியிருக்க இடம் வேண்டும்.

நம் முன்னோர்களும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். பிறர் இழிவாகச் சொன்ன பெயர், நம் கோரிக்கைகளைச் சுமக்கும் இதழின் தலைப்பானது. அவருக்கு மைத்துன உறவான அயோத்திதாசரோ அந்தப் பெயரையே ஏற்கவில்லை. 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் நம்மைப் பூர்வ பௌத்தர் என்று எழுதினார். 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே ‘ஆதிதிராவிடர்’ அரசு ஏடுகளில் ஏறியது. காந்தியின் ‘ஹரிஜன்’ என்ற பெயரை அம்பேத்கர் ஏற்கவில்லை. அது பிறர் நமக்கு வைத்த பெயர்.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ‘ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?’ என்று கேட்பதை எந்த ஆணையும் தொடாது. ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். இப்படிப்பட்ட பேச்சுகளைக் காதில் விழுந்தபடி, விகுதி மாறாமல், அன்றைக்கே குறித்துவையுங்கள். பேசியவர் வயதென்ன, கேட்டவர் வயதென்ன, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.