கரும்புகை கக்கும் பழைய கார்: நோய் எங்கே இருக்கிறது?



கேரி தீவு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச் சென்ற மோரிஸ் மைனர் காரைப் பற்றி என்னிடம் முறையிட்டார். காலையில் கார் எளிதில் கிளம்புவதில்லை. கிளம்பினாலோ பின்னால் கரும்புகை. பாலத்தைத் தாண்டித் தெலுக் பங்ளிமா காராங் போய்த் திரும்புவதற்குள் பெட்ரோல் முள் இறங்கிவிடுகிறது. ஒரு பட்டறையில் பல நூறு வெள்ளி வாங்கிக்கொண்டு புதிய கார்புரேட்டர் மாட்டினார்கள். அப்படியும் குணமாகவில்லை. “பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா ஐயா?” என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

பழைய கார் வைத்திருப்போர் பலரின் வீட்டிலும் இதே கதைதான். ஆகவே, நோயைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் எரியாத கரி புகையாக வெளியேறுகிறது. மீதி பிளக்கில் படிகிறது. கரி படிந்த பிளக்கில் தீப்பொறி சரியாக விழாது. கார் கிளம்ப மறுப்பதும் கரும்புகை கக்குவதும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

முதலில் புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. அது வேறு வைத்தியம். அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். வெளிர்பழுப்பு நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் சந்தேகம் உறுதியாகிறது.

உடனே கார்புரேட்டர் திருகில் கை வைக்காதீர்கள். தீப்பொறி வலுவிழந்தாலும் பெட்ரோல் எரியாமல் போய் இதே கரி படியும். மோரிஸ் மைனர் 1000 காரில் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.015 அங்குலம். இவற்றையும் கண்டென்சரையும் முதலில் சரிபாருங்கள். கடலோர ஈரக்காற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்வதும் உண்டு. உலர்ந்த துணியால் துடைத்தாலே சில சமயம் கார் கிளம்பிவிடும்.

பிறகு காற்று. தோட்டத்து மண் சாலைப் புழுதியில் வடிகட்டி விரைவில் அடைபடும். மூச்சு அடைத்தால் காற்று குறையும். பெட்ரோலின் பங்கு கூடும்.

மூன்றாவதாகத்தான் பெட்ரோல். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் தயாரான மோரிஸ் மைனரில் எஸ்.யூ. கார்புரேட்டர் இருக்கும். இதில் மேலே கூம்பு வடிவ ஊசி. அதைச் சுற்றிக் கீழே ஜெட். சோக் குமிழை இழுத்தால் ஜெட் கீழிறங்கும். இடைவெளி பெருகிப் பெட்ரோல் கூடும். குளிர் நாட்டுக்கு அது தேவை. நம் நாட்டு வெப்பத்தில் சில வினாடிகளே போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். மின்சாரப் பெட்ரோல் பம்ப் சிலமுறை ‘டிக் டிக்’ என்று அடித்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், மிதவை அறையின் ஊசி அடைக்காமல் பெட்ரோல் வழிகிறதா, குழாயில் கசிவு உண்டா என்று பாருங்கள். அப்போது அருகில் நெருப்பு கூடவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே, எஞ்சின் சூடான பிறகு கலவைத் திருகைத் தொடலாம். கார்புரேட்டர் பிஸ்டனை மெல்லிய நூலளவு தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி, அணைந்துபோனால் குறைவு, சற்றே கூடி அடங்கினால் சரியான அளவு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்பதே தெரியாது.

பெரியவரின் காருக்கு வருவோம். தீப்பொறி சரி, வடிகட்டி சரி, பம்பும் சரி. சோக் குமிழை உள்ளே தள்ளிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். ஜெட் முழுதாக மேலேறவில்லை. உறைக்குள் துருப்பிடித்த சோக் கம்பி அதை இழுத்துப் பிடித்திருந்தது. புதிய கார்புரேட்டரை மாட்டியவர்கள் பழைய கம்பியையே அதில் இணைத்திருந்தார்கள்! கம்பியை மாற்றி, பிளக்குகளைத் துடைத்தோம். கார் கிளம்பியது, கரும்புகை நின்றது.

புகைதானே என்று அலட்சியம் வேண்டாம். மிகுதியான பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவி, கீழுள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்து எஞ்சினைத் தேய்த்துவிடும். எண்ணெய்க் கோலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் எண்ணெயை மாற்றுங்கள். அப்புகையில் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயுவும் மிகுதி. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும் கார்புரேட்டர் கார்தான். அமைப்பு வேறுபடலாம், ஆனால் தீப்பொறி, காற்று, பெட்ரோல் என்ற வரிசை மாறாது. இன்றைய காரில் கணினி செய்யும் வேலையை, பழைய காரில் நம் கண்ணும் மூக்கும் காதும்தான் செய்ய வேண்டும்.

தந்தை விட்டுச் சென்ற காரை இரும்புக்குப் போடுமுன், குனிந்து ஒருமுறை பாருங்கள்.